லேப்டாப் ஆன் ஆகும்போதே நின்றுவிடுகிறதா? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கான கேள்வி பதில்

லேப்டாப் பாதியில் நின்றால் பலருக்கும் முதலில் கிடைக்கும் யோசனை, "ஓஎஸ் போயிடுச்சு, புதுசா போட்டுடலாம்" என்பது. ஓஎஸ் என்பது விண்டோஸ் போன்ற இயங்குதளம். ஓஎஸ் போட்டால் சி டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். கோளாறு ரேமிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருந்தால் அடுத்த வாரமே பழையபடி நிற்கும். அதனால் இந்தப் பக்கத்தில் ஃபார்மட்டை கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம். எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது, டேட்டாவைக் காப்பாற்றுவது, பிறகு பழுதைத் தேடுவது என்ற வரிசையில் போகிறோம்.

லேப்டாப் 'ஸ்ட்ரக்' ஆகுது. முதலில் எதைக் கவனிக்கணும்?

நிற்கும் இடத்தை. முடிந்தால் பவர் பட்டனை அழுத்துவதிலிருந்து நிற்கும்வரை மொபைலில் வீடியோ எடுத்துவையுங்கள். ஒரு நொடி மின்னி மறையும் எழுத்துகூட அதில் பதிவாகிவிடும்.

திரையில் எதுவுமே வராமலோ, கம்பெனி லோகோ மட்டும் வந்து அதன் அடியில் சுழலும் புள்ளிகள் வராமலோ நின்றால், விண்டோஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று பொருள். ரேம், டிஸ்க், யூஎஸ்பியில் செருகிய ஏதோ ஒன்று, இல்லையென்றால் மதர்போர்டு. இந்தக் கட்டத்தில் நிற்கும் மெஷினுக்கு ஓஎஸ் மாற்றிப் பயனில்லை.

புள்ளிகள் வந்துவிட்டால் விண்டோஸ் ஏறத் தொடங்கிவிட்டது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. புள்ளிகள் ஓயாமல் சுழல்கின்றனவா, சுழன்று நடுவில் அப்படியே உறைந்துவிட்டனவா? சுழன்றுகொண்டே இருந்தால் விண்டோஸ் எதற்கோ காத்திருக்கிறது. பெரும்பாலும் மெதுவாகப் படிக்கும் டிஸ்க், அல்லது பாதியில் நிற்கும் அப்டேட். உறைந்துவிட்டால் டிரைவர் (கருவிகளை இயக்கும் சிறு புரோகிராம்) மோதல், ரேம் பிழை, பதில் சொல்லாத டிஸ்க் என்ற பக்கம் தேட வேண்டும்.

புள்ளிகள் முடிந்து கருப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் தெரிந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் மேல்தான் முதல் சந்தேகம். பாஸ்வேர்டு போட்ட பிறகு நின்றால் தானாகத் தொடங்கும் புரோகிராம்கள், ஆன்டிவைரஸ், அல்லது களைத்துப்போன ஹார்ட் டிஸ்க்.

லோகோவிலேயே நிற்குது. வீட்டிலேயே முதலில் என்ன செய்து பார்க்கலாம்?

செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பென்டிரைவ், மவுஸ் டாங்கிள், பிரிண்டர் ஒயர், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க், லேன் ஒயர், எச்டிஎம்ஐ, எல்லாமே. இ-சேவை மையம் நடத்துபவர்களும் ஆடிட்டர் ஆபீஸ்காரர்களும் கைரேகைக் கருவியையும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் மறந்துவிடுவார்கள். அவையும் யூஎஸ்பி கருவிகள்தான். உள்ளே ஷார்ட் ஆன ஒரு யூஎஸ்பி கருவி முழு மெஷினையும் லோகோவில் கட்டிப்போட்டுவிடும்.

அப்படியும் நின்றால் தேங்கிய மின்சாரத்தை வடித்துவிடுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழலும் மாடலாக இருந்தால் அதையும் எடுத்து, பவர் பட்டனை முழுதாக 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜர் மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல்களிலும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 30 நொடி பிடித்தால் பெரும்பாலும் அதே பலன் கிடைக்கும். சில ஏசர், திங்க்பேட் மாடல்களில் அடிப்பக்கம் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் துளை இருக்கும். விரித்த பேப்பர் கிளிப்பால் சில நொடி அழுத்தினால் போதும். லெனோவோ ஐடியாபேடின் பக்கவாட்டில் இருக்கும் சிறு துளை வேறு. அது நோவோ பட்டன். அழுத்தினால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புத் திரை), பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று தேர்வு செய்யும் இடம்) எல்லாம் கொண்ட பட்டியல் வரும்.

மெஷின் நிஜமாகவே நின்றுவிட்டதா, திரை மட்டும் போய்விட்டதா?

கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது. அடுத்து, அறை விளக்கை அணைத்து மொபைல் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரையின் பின்விளக்கு போயிருக்கிறது, ஸ்டார்ட்அப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டிவியில் எச்டிஎம்ஐ ஒயர் போட்டுப் பார்த்தும் உறுதி செய்யலாம்.

கேப்ஸ் லாக் விளக்கோ பவர் விளக்கோ தானாகவே ஒரு கணக்கில் சிமிட்டினால் எண்ணிக் குறித்துவையுங்கள். டெல்லில் 2 முறை மஞ்சள், 3 முறை வெள்ளை என்றால் ரேம் தெரியவில்லை என்று பொருள். 2 மஞ்சள், 4 வெள்ளை என்றால் ரேம் பழுது. ஹெச்பியிலும் இப்படிக் கணக்கு உண்டு, மாடலுக்கு மாடல் மாறும். கம்பெனி தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

பயாஸுக்குள் போக எந்த பட்டன்? போய் என்ன பார்க்கணும்?

ஆன் செய்த நொடியிலிருந்து விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஹெச்பிக்கு எஸ்கேப் தட்டி எஃப்10, பூட் மெனுவுக்கு எஃப்9. டெல்லுக்கு எஃப்2, பூட் மெனு எஃப்12. லெனோவோவுக்கு எஃப்2, திங்க்பேடுக்கு எஃப்1, பூட் மெனு எஃப்12. ஏசருக்கு எஃப்2, இதில் எஃப்12 வேலை செய்ய பயாஸுக்குள் போய் அதை முதலில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். அசுஸுக்கு எஃப்2, பூட் மெனு எஸ்கேப். பயாஸுக்குள்ளேயே போக முடியாமல் லோகோவில் நின்றால் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு முயலுங்கள். அப்போது உள்ளே போக முடிந்தால் திருடன் டிஸ்க்தான்.

உள்ளே மூன்று விஷயம் பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கின் பெயரும் அளவும் தெரிகிறதா. ரேம் அளவு சரியா. 8 ஜிபி போட்டிருக்கும் மெஷினில் 4 என்று காட்டினால் ஒரு ஸ்டிக் வேலை செய்யவில்லை. தேதி சரியா, ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போனால் போர்டில் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துவிட்டது. பல மாடல்களில் அது 3 வோல்ட் சிஆர்2032. அது தீர்ந்தால் பயாஸ் அமைப்புகள் அழிந்து, டிஸ்க் பயன்முறை மாறி, நேற்றுவரை ஓடிய விண்டோஸ் இன்று பூட் ஆகாது. சாட்டா (டிஸ்க் இணைப்பு) அமைப்பில் ஏஎச்சிஐ (AHCI) என்று இருந்தது வேறாக மாறியிருக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். புரியாத அமைப்பை மாற்றுவதற்கு முன் திரையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

கருப்புத் திரையில் 'ஸ்டார்ட் பிஎக்ஸ்இ ஓவர் ஐபிவி4' என்று வந்து அப்படியே இருந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். டிஸ்க் கிடைக்காததால் நெட்வொர்க் வழியாக பூட் ஆக முயல்கிறது, அவ்வளவுதான். டிஸ்க் இணைப்பைப் பாருங்கள்.

ரேமைக் கழற்றி மாட்டினால் சரியாகும் என்கிறார்களே?

பல நேரம் ஆகும், காரணமும் எளிது. ரேம் ஸ்டிக்கின் பொன்னிற முனைகளில் தூசியும் லேசான படலமும் படிந்து தொடர்பு விட்டுப்போகும். தட்டிப் பார்த்தால் ஆன் ஆகும், தூக்கி வைத்தால் நிற்கும் என்ற அறிகுறி இருந்தால் இதை முதலில் செய்யலாம்.

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அடி மூடியைத் திறக்க வேண்டும். சிறிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. எடுத்த இடத்தின் வரிசைப்படியே ஒரு தாளில் ஒட்டிவையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை துளையில் முடுக்கினால் மேல் பக்கம் கீபோர்டு அருகே பிதுங்கிக்கொண்டு நிற்கும். மூடியை நெம்ப பழைய ஏடிஎம் கார்டு போதும், இரும்பு வேண்டாம். மூடி திறந்ததும் முதல் வேலை, போர்டிலிருந்து பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு ஜன்னல் கம்பி போன்ற பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு, ரேமின் இருபக்கக் கொக்கிகளையும் விலக்குங்கள். ஸ்டிக் சாய்வாக எழும்பும்.

முனைகளை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் இருந்தால் பஞ்சில் தொட்டுத் துடைத்து உலரவிடுவது இன்னும் நல்லது. சானிட்டைசர், தின்னர், பெட்ரோல் எதுவும் கூடாது. ஸ்லாட்டில் சுமார் 30 டிகிரி சாய்வில் முழுதாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் 'க்ளிக்' என்று உட்காரும். பொன்னிறக் கோடு வெளியே தெரிந்தால் சரியாக உட்காரவில்லை.

இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள், பிறகு மற்றதை, பிறகு ஸ்லாட்டை மாற்றி. எந்தச் சேர்க்கையில் நிற்கிறது என்பதிலிருந்து ஸ்டிக் பழுதா ஸ்லாட் பழுதா என்று தெரிந்துவிடும். ரேம் மாற்றிய பிறகு முதல் தடவை ஓரிரு நிமிடம் கருப்புத் திரையாகவே இருக்கலாம், குறிப்பாக டிடிஆர்5 வகை ரேம் உள்ள மெஷின்களில். அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

புதிது வாங்குவதானால் டிடிஆர்3எல், டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் இடத்தில் ஒன்று நுழையாது. பின்கள் முறையே 204, 260, 262. பழைய ஸ்டிக்கைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், அங்கே இந்த வேலை நடக்காது.

ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் காதைக் கொடுங்கள். சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்ற சத்தம், சுழலத் தொடங்கி நின்று மறுபடி தொடங்கும் சத்தம், இரண்டுமே கெட்ட செய்தி. அந்த நிலையில் டேட்டா முக்கியம் என்றால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் படிக்கும் முனையான ஹெட், உள்ளே சுழலும் தட்டைக் கீறக்கூடும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி சத்தமில்லாமல் சாகும். பயாஸில் ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது.

ஹெச்பியில் ஆன் செய்யும்போது எஃப்2 தட்டினாலும், டெல்லில் எஃப்12 தட்டி டயக்னாஸ்டிக்ஸ் எடுத்தாலும் கம்பெனியே வைத்திருக்கும் டிஸ்க், ரேம் சோதனைகள் ஓடும். இலவசம்தான், பழுது எண் ஒன்றும் தரும். விண்டோஸுக்குள் எப்படியாவது போக முடிந்தால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சிறு புரோகிராமில் பாருங்கள். செக்டர் என்பது டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி. 05 என்ற வரி ரீஅலகேட்டட் செக்டர் (பழுதானதால் மாற்று இடம் கொடுக்கப்பட்டவை), சி5 என்ற வரி படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர். அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் உள்ள எண் பதினாறடிமான முறையில் (எண்களோடு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்து) எழுதப்பட்டிருக்கும், அதனால் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம். முழுக்கப் பூஜ்யமா இல்லையா என்பதுதான் கேள்வி. சி5 பூஜ்யம் இல்லாமல் நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள்.

சி5 வரியில் எண் வந்த டிஸ்க் ஸ்டார்ட்அப்பில் ஏன் நிற்கிறது? விண்டோஸ் கேட்கும் ஃபைல் அந்தப் பழுதான செக்டரில் இருந்தால் டிஸ்க் அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அதுவரை மொத்த மெஷினும் காத்திருக்கும். அதனால்தான் சில நேரம் கால் மணி நேரம் கழித்துத் தானாகவே டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. வந்துவிட்டது என்று சும்மா இருக்காமல், உடனே காப்பி எடுக்க வேண்டிய நேரம் அது.

செக் டிஸ்க் ஓட்டலாமா?

டேட்டாவை எடுத்த பிறகு. இது டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கட்டளை (chkdsk). 'ஆர்' (/r) சேர்த்து ஓட்டும் முழுச் சோதனை டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்கும், மணிக்கணக்கில் ஆகும். சாகக்கிடக்கும் டிஸ்க்கை அந்த ஓட்டமே முடித்துவிடலாம். கரண்ட் போய் ஃபைல் அமைப்பு மட்டும் குழம்பியிருந்தால் 'எஃப்' (/f) சேர்த்து ஓட்டினால் போதும், விரைவில் முடிந்துவிடும். ரெக்கவரி திரையின் (அதற்குப் போகும் வழி கீழே சேஃப் மோட் பதிலில்) கமாண்ட் பிராம்ப்டில் ஓட்டுவதானால் விண்டோஸ் இருக்கும் டிரைவ் அங்கே சி ஆக இல்லாமல் டி ஆகவோ இ ஆகவோ தெரியலாம். முதலில் டிஐஆர் (dir) கட்டளை கொடுத்து விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பாருங்கள்.

விண்டோஸ் வரவில்லை. உள்ளே டேலி டேட்டா, போட்டோ எல்லாம் இருக்கு. எப்படி எடுப்பது?

வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்ஸை, ரூஃபஸ் என்ற புரோகிராம் கொண்டு ஏற்றுங்கள். பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், முன்பே எடுத்துவிடுங்கள். பூட் மெனுவில் பென்டிரைவைத் தேர்ந்து, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' என்பதை மட்டும் கொடுத்தால் விண்டோஸைத் தொடாமல் ஒரு டெஸ்க்டாப் வரும். அங்கிருந்து பழைய டிஸ்க்கைத் திறந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி செய்யலாம். விண்டோஸ் முழுதாக அணையாமல் உறங்கிய நிலையில் இருந்தால் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கும். காப்பி எடுக்க அதுவே போதும்.

காப்பி எடுக்கும்போது பெரிய ஃபோல்டரை அப்படியே இழுக்காதீர்கள். பழுதான செக்டர் வந்து நடுவில் நின்றால் மொத்தமும் நிற்கும். டேலியின் டேட்டா ஃபோல்டர், டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் என்று முக்கியத்துவ வரிசையில் தனித்தனியாக எடுங்கள். டவுன்லோட்ஸை மறப்பவர்கள் அதிகம். ஜிஎஸ்டி ரிட்டர்ன், பட்டா நகல் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

இன்னொரு வழி, டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகுவது. 2.5 அங்குல சாட்டா டிஸ்க்குக்கு ஒரு வகை கேஸ், மெல்லிய பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டிக்கு வேறு வகை.

48 இலக்க பிட்லாக்கர் கீ கேட்கிறது. நான் எதுவுமே லாக் போடவில்லையே?

போட வேண்டியதில்லை. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்தாலே பல மெஷின்களில் குறியாக்கம் தானாக இயங்கிவிடும். பயாஸ் அமைப்பு மாறினாலோ, போர்டு மாற்றினாலோ கீ கேட்கும். மொபைலில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீ என்பதைப் பாருங்கள். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எழுத்துகளோடு பொருந்துவதை எடுங்கள். கணக்கு கடைக்காரரின் இமெயிலில் தொடங்கப்பட்டிருந்தால் கீயும் அங்கேதான் இருக்கும். புது லேப்டாப் வாங்கும்போது கடையிலேயே "நாங்களே செட் பண்ணித் தர்றோம்" என்றால் உங்கள் இமெயிலைத்தான் போடச் சொல்ல வேண்டும். கீ இல்லையென்றால் டேட்டா இல்லை. இதற்குக் குறுக்குவழி தருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

சேஃப் மோடுக்கு எப்படிப் போவது?

அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்குவதுதான் சேஃப் மோட். லாகின் திரைவரை வந்தால் எளிது. ஷிஃப்ட் பட்டனைப் பிடித்தபடியே ரீஸ்டார்ட் கொடுங்கள். அதுவரையும் வராவிட்டால், புள்ளிகள் சுழலும்போது பவர் பட்டனை 10 நொடி பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே ரெக்கவரி திரைக்குப் போகும். டிக் டிக் சத்தம் வரும் டிஸ்க்கில் இதைச் செய்ய வேண்டாம்.

அங்கே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், வரும் பட்டியலில் 4 அழுத்தினால் சேஃப் மோட், 5 அழுத்தினால் நெட்வொர்க்குடன். லாகின் செய்யும் பின் (PIN) எண்ணை ஏற்காமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டைத் தயாராக வைத்திருங்கள்.

சேஃப் மோடில் நன்றாக ஓடினால் விண்டோஸின் அடிப்படை ஃபைல்கள் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன, மேலே ஏற்றிய டிரைவரோ புரோகிராமோதான் சிக்கல். கடைசியாகப் போட்டதை நீக்குங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாததை அணையுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) கட்டளையையும் இங்கேயே, அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் ஓட்டலாம். அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கிறது. கடைசி குவாலிட்டி அப்டேட்டை நீக்கிப் பாருங்கள்.

அப்டேட் ஓடிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு நேரம் காத்திருப்பது?

பழைய ஹார்ட் டிஸ்க் மெஷினில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள், சார்ஜர் போட்டபடி. டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது.

கருப்புத் திரையில் அம்பு மட்டும் நிற்கிறது.

விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜர் வந்தால் அதில் புதிய டாஸ்க்காக எக்ஸ்ப்ளோரரை ஓட்டிப் பாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால் சேஃப் மோடில் டிவைஸ் மேனேஜருக்குப் போய் டிஸ்ப்ளே அடாப்டரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ரீஸ்டார்ட் பண்ணினால் ஒழுங்காக வருது, ஷட் டவுன் பண்ணி ஆன் பண்ணினால் நிற்குது. ஏன்?

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுப் படுக்கிறது. மறுநாள் அதையே தூக்கி எழுப்புகிறது. அந்த ஃபைல் கெட்டிருந்தால், அல்லது ஏதோ ஒரு டிரைவர் அப்படி எழத் தெரியாமல் முரண்டு பிடித்தால் நின்றுவிடும். ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குவதால் அதில் சிக்கல் தெரிவதில்லை. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற இணைப்பு, அதில் இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்றும் வரியை அழுத்தி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ள மெஷினில் இதனால் இழப்பது சில நொடிதான். ஒரு தடவை மட்டும் சோதிக்க, ஷிஃப்டைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுங்கள்.

பாலக்கோடு பக்கம் கிராமம். மோட்டார் ஓடினால் வோல்டேஜ் விழுது. அதனால் நிற்குமா?

வோல்டேஜ் குறைவால் நேராக நிற்பது அரிது. அடாப்டரின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். 160க்கு இறங்கினாலும் அது சமாளிக்கும். லேப்டாப்புக்காகத் தனி ஸ்டெபிலைசர் வாங்கத் தேவையில்லை.

கெடுதல் வேறு வழியில் வருகிறது. பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே நேரடியாக ஓட்டும் லேப்டாப்புகள் நம் பக்கம் நிறைய. கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் அவை படாரென்று அணைகின்றன. விண்டோஸ் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படி ஆனால் ஃபைல்கள் அரைகுறையாக நிற்கும். அடுத்த நாள் ஸ்டார்ட்அப்பில் அதன் விளைவு தெரியும். இப்படிப்பட்ட மெஷினுக்கு ஓஎஸ் மாற்றுவதைவிட பேட்டரி மாற்றுவது நல்ல செலவு, குறைந்தபட்சம் ஒரு சிறு யூபிஎஸ்.

பேட்டரியும் சார்ஜரும் சந்தேகம் என்றால் பிரித்துச் சோதியுங்கள். பேட்டரியில் மட்டும் ஆன் ஆகி, சார்ஜர் போட்டால் நின்றால் அடாப்டர் அல்லது பின் ஜாக். பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் ஆன் ஆகிறது என்றால் பேட்டரி. அடாப்டரில் 65 வாட் கேட்கும் மெஷினுக்கு 45 வாட் போட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள், 19.5 வோல்ட்டில் முதலாவது 3.33 ஆம்பியர், இரண்டாவது 2.31. டெல் மெஷின் போலி அடாப்டரை அடையாளம் தெரியவில்லை என்று திரையில் சொல்லி வேகத்தையும் குறைத்துவிடும். டச்பேட் மேலே எழும்பி நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணைத்து எடுத்துவிடுங்கள், குத்தவோ அழுத்தவோ கூடாது.

கோடை மழையில் இடி விழுந்த மறுநாள் லோகோவில் நிற்கத் தொடங்கினால் லேன் போர்ட்டை நினைத்துப் பாருங்கள். பிராட்பேண்ட் ஒயர் வழியாக வரும் அதிர்வு லேன் சிப்பைக் கெடுத்திருக்கலாம். பயாஸில் உள்ளிருக்கும் லேனை அணைத்து முயலலாம்; வைஃபையில் ஓட்டிக்கொள்ளலாம்.

பர்கூர் பக்கம் கிரானைட் யூனிட் ஆபீஸில் இருக்கும் லேப்டாப். கல் தூசிதான் காரணமா?

ஸ்டார்ட்அப்பில் நிற்பதற்குத் தூசி காரணமாவது, ஃபேன் சுற்றாமல் போகும்போது. ஹெச்பி மெஷினில் 'சிஸ்டம் ஃபேன் 90பி' என்ற செய்தி வந்து நின்றால் நேராக ஃபேன்தான். மற்றபடி தூசியால் வரும் சூடு, ஆன் ஆகி கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் மெஷினை அணைக்கும். கல் தூசி ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் பகுதி) தகடுகளுக்கு நடுவே பாய் போல அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து ஊதினால் போகாது. மூடியைத் திறந்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். பிடிக்காமல் புளோயர் அடித்தால் ஃபேன் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போகும். ஹீட்சிங்கைக் கழற்றினால் தெர்மல் பேஸ்ட் புதிதாக வைக்காமல் மூடக் கூடாது.

காலையில் முதல் தடவை நிற்கும், மூன்றாவது தடவை வரும். தளி, தேன்கனிக்கோட்டை குளிர்தான் காரணமா?

குளிர் பழுதைக் காட்டிக்கொடுக்கிறது, உண்டாக்குவதில்லை. ரேம் தொடர்பு, சுழலத் தடுமாறும் பழைய ஹார்ட் டிஸ்க், போர்டில் விட்டுப்போன சால்டர், இந்த மூன்றும் குளிர்ந்திருக்கும்போது மோசமாகவும் சூடானதும் தேறியும் நடக்கும். மேலே சொன்ன ரேம் வேலையிலிருந்து தொடங்குங்கள்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப். இதைத் தேற்ற முடியுமா?

2011இல் தொடங்கிய திட்டத்தின் ஆரம்ப ஆண்டு மெஷின்கள் என்றால் ரேமும் குறைவு, டிஸ்க்கும் சுழலும் வகை. அதில் விண்டோஸ் 10 ஏற்றிவிட்டு லோகோவில் நிற்கிறது என்றால், பல நேரம் நிற்கவில்லை, திணறிக்கொண்டிருக்கிறது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று மாட்டுவதுதான் கண்கூடான மாற்றம் தரும். பழைய டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவில் படிப்பதை சாட்டா எஸ்எஸ்டி 500க்கு மேல் படிக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, 11 இந்த மெஷின்களை ஏற்காது. பாடம் எழுத, இணையம் பார்க்க மட்டும் என்றால் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்வதே எங்கள் பரிந்துரை.

விண்டோஸோடு போஸ் (BOSS) என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸும் சேர்ந்து இருந்த மெஷின்களில் இன்னொரு தொல்லை வரும். இடம் வேண்டும் என்று லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டால் அடுத்த முறை 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கும். விண்டோஸ் டேட்டா பத்திரமாகத்தான் இருக்கும். விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் ஆகி, ரிப்பேர் பகுதியில் கமாண்ட் பிராம்ப்ட் எடுத்து பூட்ரெக் கட்டளையில் ஃபிக்ஸ்எம்பிஆர் (bootrec /fixmbr) கொடுத்தால் எம்பிஆர் என்ற பழைய பூட் முறை உள்ள மெஷின்களில் சரியாகிவிடும்.

கடைக்குக் கொடுக்கும்போது என்ன கேட்டுக்கொள்வது?

எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். "என்னைக் கேட்காமல் ஃபார்மட் பண்ண வேண்டாம்" என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பார்ட்டைத் திருப்பிக் கேளுங்கள். எஸ்எஸ்டி போடச் சொன்னால் எம்.2 ஸ்லாட் ஏற்கும் இணைப்பு முறை சாட்டாவா என்விஎம்இயா (NVMe) என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். உருவம் ஒன்றுபோல இருந்தாலும் மாற்றிப் போட்டால் மெஷினுக்கு அந்த எஸ்எஸ்டி தெரியாது. போர்டில் சிப் மாற்றும் வேலை என்றால் சிறு ஊர்க் கடைகள் பெரும்பாலும் சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்புவார்கள். எங்கே போகிறது, எத்தனை நாள் என்று கேட்டுவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு கொடுங்கள். போர்டு வேலைக்கு உங்கள் டிஸ்க் தேவையில்லை. ஓசூர்க்காரர்கள் பெங்களூர் எஸ்பி ரோட்டுக்கே நேரில் போய் பார்ட் வாங்குவதுண்டு. போனால் பழைய பார்ட்டின் ஸ்டிக்கர் எண்ணையும் மெஷினின் மாடல் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள்.

புதிதாக ஓஎஸ் போட்டும் அதே இடத்தில் நிற்கிறது. இனி என்ன?

டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு லினக்ஸ் பென்டிரைவில் மட்டும் பூட் செய்யுங்கள். அரை மணி நேரம் நிற்காமல் ஓடினால் டிஸ்க்கோ அதன் கேபிளோதான். சில மாடல்களில் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே இருக்கும் பட்டை ஒயர் மடிந்து கெட்டிருக்கும், டிஸ்க் வாங்குவதற்கு முன் அதை மாற்றிப் பாருங்கள். டிஸ்க் இல்லாமலும் நின்றால் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை வேறொரு பென்டிரைவில் ஏற்றி, ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக் தேறாது. ரேமும் தேறிவிட்டால் மிஞ்சுவது போர்டு. பழைய மெஷின் என்றால் போர்டு ரிப்பேருக்கு என்ன கேட்கிறார்கள் என்பதை, அதே மாடல் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு சரி சொல்லுங்கள்.